யாரைக் கேட்டு வெள்ளையாக்கினீர்கள்?

செய்தி ஒரு படமாக வந்தது. தாம்பரம் பக்கத்துப் போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் போட்டிருந்தார்கள். ஊதா நிறப் பின்னணி, மூலைக்கொரு மெழுகுவர்த்தி, மேலே சிலுவை, நடுவில் ரோஜா நிறக் கன்னங்களோடு ஒரு பெண். கீழே ஜெசிந்தா மேரி என்று பெயர். யாரோ ஒரு ஜெசிந்தா என்று நினைத்தேன். எல்லாரும் போடுவதைப் போல நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுத் தோசையைப் பிய்க்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் சுரேஷ் கூப்பிட்டான். சேலையூர் போட்டோ லேபில் பிரிண்ட் மெஷின் ஓட்டுகிறவன்.

“மச்சான், குரூப் பாத்தியா?”

“பாத்தேன். யாருடா அது?”

“டேய், நம்ம ஜெசி அக்காடா.”

படத்தை மறுபடி திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேல் இருக்க வேண்டிய தழும்பைக் காணவில்லை. கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைக் காணவில்லை. நிறத்தைக் காணவில்லை. ஏழெட்டு வருடம் தினமும் பார்த்த முகம். அவர் செத்த செய்தியிலேயே அவரை எனக்கு அடையாளம் தெரியாமல் செய்துவிட்டார்கள். குழுவில் அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கும் செய்தி இப்படித்தான் வந்திருக்கும். அதனால் இதைக் கண்ணீரோடு எழுதுவதாகச் சொல்ல முடியாது. கோபத்தோடு எழுதுகிறேன்.

காய்ச்சல் என்று படுத்தார். டெங்கு என்றார்கள். வயது நாற்பதுகூட இல்லை. அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. விலை ஏறட்டும் என்று யாரோ வாங்கிப் போட்டது. மழைத்தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து அதில் மாதக்கணக்கில் நின்றன. தெருக்காரர்கள் மாநகராட்சியில் மனு கொடுத்தார்கள். அக்கா அந்தக் குட்டையைப் படமெடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டே எடுத்துப்போய்க் கொடுத்தார். அப்போது யாரும் வரவில்லை. அடக்கத்தன்று வந்தார்கள், கொசுப் புகை அடிக்கும் மெஷினோடு. பெட்டி வீட்டை விட்டு வெளியே வந்தபோது தெரு முழுக்கப் புகை. தூக்கியவர்கள் இருமிக்கொண்டே நடந்தார்கள். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று என் காதருகில் சொன்ன பெரியவரை நான் ஒன்றும் சொல்லாமல் விட்டது அந்த வீட்டுக்குக் கொடுத்த மரியாதை மட்டுமே.

அந்தப் புகையிலும் தெருமுனையில் பேனர் பளபளத்தது. கட்டிய பையன்கள் அதன் கீழேயே நின்றிருந்தார்கள். அக்கா மேல் உயிரையே வைத்திருந்த பையன்கள். அழுது வீங்கிய முகங்கள்.

“நல்லா இல்லியாண்ணா?” என்றான் ஒருவன்.

“அக்கா இப்டியாடா இருப்பாங்க?”

“டிசைன் பண்றவரு லைட்டா டச் பண்ணுவாருண்ணா. எல்லாருக்கும் பண்றதுதான் அது.”

எல்லாருக்கும் பண்றதுதான். அவன் அதை ஆறுதலாகச் சொன்னான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று பெருந்தன்மையாக எழுத வரவில்லை. அன்று இருந்தது. ஏனென்றால் இந்த ‘எல்லாருக்கும் பண்றது’ என்பதோடுதான் ஜெசிந்தா அக்கா தன் வேலைக்காலம் முழுவதும் மல்லுக்கட்டினார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஆரம்பித்ததே சண்டையில். கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் வைக்க ஆளுயரத்துக்கு ஒரு படம் வேண்டும். ஃபைலை எடுத்துக்கொண்டு சேலையூர் லேபுக்கு ஓடினேன். பெரிய மெஷினில் பிரிண்ட் போடுவது அக்காவின் பொறுப்பு.

“டெஸ்ட் போடாம பெருசு போட மாட்டேன்” என்றார்.

“அர்ஜென்ட்டுக்கா. சாயந்தரம் வாசல்ல நிக்கணும்.”

“அர்ஜென்ட்டுன்னா தப்பா வந்தா பரவால்லியா? உக்காரு அப்டி.”

முழுப் படத்தையும் சின்னதாக்கிப் போட்டுப் பார்ப்பதை அவர் டெஸ்ட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். சின்னப் படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அது ஏமாற்றும் என்பார். பெரிய படத்தில் முகம் எந்த அளவில் வருமோ, அதே அளவில் ஒரு கண்ணும் கன்னமும் மட்டும், அதே பேப்பரில். அதையும் ஒன்றோடு விடமாட்டார். மூன்று துண்டு. நான் கொண்டுபோன நிறத்தில் ஒன்று, கேமராவில் விழுந்தபடியே தொடாமல் ஒன்று, அதைவிடக் கொஞ்சம் கறுப்பாக ஒன்று. எதற்கு மூன்று, இரண்டு போதாதா என்று அவசரத்தில் கத்தினேன்.

“ரெண்டு போட்டா எது ஜெயிக்கும்னு சண்டை போடுவாங்க. மூணு போட்டாதான் மூஞ்சிய பாப்பாங்க.”

மை காயும்வரை துண்டுகளை யாரும் தொடக்கூடாது. காய்ந்ததும் டியூப்லைட்டில் பார்க்கக்கூடாது. எடுத்துக்கொண்டு லேபுக்கு வெளியே கேம்ப் ரோட்டுக்கு இறங்கிவிடுவார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், பைக்கில் போகிறவன் திட்டுவான், அவர் பாட்டுக்கு நடைபாதையில் நின்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு உனுக்கு இன்னா பாவம் பண்ணுச்சி?”

“மாப்ள வூட்ல கொஞ்சம் பிரைட்டா கேட்டாங்கக்கா.”

“அவங்கள கேட்ட. பொண்ண கேட்டியா?”

“பொண்ணயெல்லாம் யாருக்கா கேக்கறாங்க?”

“அதத்தான் நானும் கேக்கறேன். யார கேட்ட நீ?”

மூன்று துண்டையும் கவரில் போட்டு என் கையில் திணித்தார். திட்டிக்கொண்டே ஜி.எஸ்.டி ரோட்டில் கூடுவாஞ்சேரிக்குப் பைக்கை விட்டேன். பெண்ணுக்கு ஜடை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் மூன்றையும் வாங்கிப் பார்த்தது அந்தப் பெண். அதன் கட்டைவிரல் தொடாத துண்டின் மேல் போய் நின்றுவிட்டது. தன்னையே முதல்முறை பார்ப்பது போன்ற முகம். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, கரண்ட் இல்லாதப்ப எடுத்தாங்களா?” என்றார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தது. “அந்த வெள்ளையே போட்ருங்கண்ணா” என்றது. கவரைத் திருப்பித் தரும்போது இரண்டு துண்டுகள்தான் இருந்தன. தொடாத துண்டு அதன் போன் உறைக்குள் போனதை நான் பார்த்தேன்.

லேபுக்கு வந்து சொன்னபோது அக்கா மறுபேச்சில்லாமல் வெள்ளைப் படத்தையே போட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்கா இவ்வளவு அலையவிட்டீர்கள் என்றேன்.

“நான் இன்னா போலீசா? காட்டறதுதான் என் வேலை. அவ பாத்துட்டா இல்ல? போ.”

எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை. சொந்தக் கல்யாணத்தில் சொந்த முகத்தை வாசலில் வைக்க முடியாமல், போன் உறைக்குள் ஒளித்துக்கொண்டு போன பெண்ணை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பிறகு கேட்காமல் எந்த முகத்தையும் நான் தொட்டதில்லை.

லேபுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் பெரிய மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அவருடைய முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தற்பெருமை இல்லை. புதுப் பேப்பர் ரோல் மாட்டும்போதெல்லாம் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, மெஷினோடு ஒரு மாதிரிப் படம் தருவார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் பழக்கூடை. அவள் கன்னம் சரியாக வந்தால் மெஷின் சரி. அக்கா அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் முகத்தை வைத்தார். சுரேஷ் வாசல் வெளிச்சத்தில் நிற்கவைத்து எடுத்த படம். ரோல் மாறும்போதெல்லாம் முதலில் அவர் முகம்தான் ஒரு துண்டாக விழும். வெளியே கொண்டுபோய்த் தன் முன்கையோடு வைத்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் பின்னால் ‘நான் இல்லை’ என்று பேனாவால் எழுதிக் குப்பையில் போடுவார். சரியென்றால் ‘நான்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார்.

மெஷின் சர்வீசுக்கு வந்தவர் ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்தார். “மேடம், உங்க கலருக்கு செட் பண்ணா மத்தவங்கள்லாம் பேய் மாதிரி வந்துருவாங்க.”

“இத்தினி நாளு அந்தம்மா கலருக்கு செட் பண்ணீங்க. நாங்கள்லாம் அடுப்புக்கரி மாதிரி வந்துகினு இருந்தோம். அப்போ உங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. இப்ப மட்டும் பேய் தெரியுதா சார்?”

சர்வீஸ்காரர் ஸ்க்ரூவைத் திருகக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அக்கா அவருக்கும் சேர்த்து டீ சொன்னார்.

குழுவில் அவரை ‘புன்னகை மாறாதவர்’ என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஜெசிந்தாவைச் சொல்கிறீர்கள்? நமக்குத் தெரிந்தவர் சிடுசிடுப்பானவர். காத்திருக்க முடியாத கஸ்டமரைப் பல்லாவரம் பக்கம் போகச் சொல்லிக் கதவைக் காட்டுகிறவர். சுரேஷின் டிபன் பாக்ஸில் மீன் இருந்தால் கேட்காமல் எடுத்துத் தின்றுவிட்டு, “உங்கம்மா உப்பு கம்மியா போட்டிருக்காங்கடா” என்று குறையும் சொல்கிறவர். முகத்தை வெள்ளையாக்கியதோடு திருப்தியில்லாமல் குணத்தையும் வெள்ளையடிக்கிறோம். செத்தவரால் மறுத்துப் பேச முடியாது என்கிற தைரியம்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலில் வைக்கப் பெரிய படம் வேண்டும் என்று அவருடைய தம்பி ஆன்டனி போன் செய்தார். பேனரில் இருந்த அதே படத்தை அனுப்பினார். போனிலேயே முகத்தை மெழுகிவிடும் கேமராவில் யாரோ எடுத்தது.

“பேனர்ல இருந்த மாதிரியே வரட்டும் பிரதர். கொஞ்சம் பளிச்சுனு.”

“ஆன்டனி, அது உங்க அக்காவே இல்ல.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “பிரதர், உங்களுக்குத் தெரியாது. எத்தன பேரு பொண்ணு பாக்க வந்துட்டு போனாங்க தெரியுமா? காபிய குடிச்சிட்டு, கலரு கம்மின்னு புரோக்கர் கிட்ட சொல்லி அனுப்புவாங்க. அவ உள்ள ரூம்ல பாத்திரத்த உருட்டிட்டு இருப்பா. கோயில்ல அவங்கள்லாம் வருவாங்க. சாவுலயாச்சும் யாரும் அப்டி பேசக்கூடாது.”

அவருடைய பாசம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. காபி குடித்துவிட்டுப் போனவர்கள் இன்றும் சுகமாக இருக்கிறார்கள், பூசைக்கு வருவார்கள், நடுவரிசையில் உட்காருவார்கள். அவர்களுக்குப் பயந்து செத்தவர் நிறம் மாற வேண்டும்.

லேபுக்குப் போனேன். மெஷினில் அவர் முகத்தின் ஃபைல் அப்படியே இருந்தது. சுரேஷ் அதைத் திறந்துவிட்டு என்னைப் பார்க்காமல் தள்ளி நின்றுகொண்டான். நான் உட்கார்ந்து இரண்டு துண்டு போட்டேன். ஆன்டனி கேட்ட வெள்ளையில் ஒன்று. மற்றது நான் போட நினைத்த ஜெசிந்தா அக்கா. திரையில் அந்த முகம் வெளிறித் தெரிவது போலிருந்தது. கண்ணுக்குள் அந்த பேனர்தான் நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெளிச்சத்தைக் கீழே இறக்கினேன். நடுவரிசைக்காரர்கள் கண்ணை உறுத்த வேண்டும் என்று நினைத்தேன். வெளியே மழை. ரோட்டுக்கு இறங்காமல் டியூப்லைட்டிலேயே பார்த்து, சரி என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அஸ்தினாபுரம் வீட்டில் ஆன்டனியும் அவர்களுடைய அம்மா லில்லியும் இருந்தார்கள். நான் இரண்டு துண்டையும் மேசையில் வைத்தேன். வழக்கு நடத்துகிறவன்போலப் பேசினேன். இது பொய், இது உண்மை, எது வேண்டும் என்று கேட்டேன். ஆன்டனி எழுந்து நின்றுவிட்டார். “எங்க வீட்டு போட்டோவுக்கு நீங்க யாரு பிரதர் பாடம் எடுக்க?” என்றார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதப்போவதில்லை.

லில்லி அம்மா எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. துண்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மழை விட்டிருந்தது. வெள்ளைத் துண்டைப் பார்த்தார்.

“இது யாரு பெத்ததுன்னு தெரியல” என்று ஆன்டனியிடம் நீட்டினார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் அடுத்ததை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். தன் முன்கையின் மேல் வைத்தார். மகள் செய்வதைப் போலவே. வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, கோவத்துல போட்டியா இத?”

துண்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

“இவ்ளோ கறுப்பு இல்லப்பா என் பொண்ணு. இதுவும் அவ இல்ல. அவன் ஊருக்குப் பயந்து வெளுப்பாக்குறான். நீ ஊரத் திட்டறதுக்கு அவ மூஞ்சிய எடுத்துக்கிட்ட. நடுவுல என் பொண்ண எங்கப்பா வெச்சீங்க?”

நடுத்துண்டு. தொடாத துண்டு. மூன்று போடாமல் நான் இரண்டு போட்டிருந்தேன். அக்கா இருந்திருந்தால் பேப்பரை உருவி என் தலையில் அடித்திருப்பார்.

திரும்பிப் போனேன். ஃபைலை எதுவும் செய்யாமல், சுவரில் ‘நான்’ என்று ஒட்டியிருந்தபடியே துண்டு போட்டேன். காயவிட்டேன். சுரேஷ் எடுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டில் இறங்கினான், நானும் இறங்கினேன். நனைந்த ரோட்டில் பஸ் சேற்றை வாரி அடித்துப்போனது. தழும்பு இருந்தது. கருவளையம் இருந்தது. வேகாத வெயிலில் நின்று என்னைத் திட்டிய முகம்.

அந்தத் துண்டை லில்லி அம்மா வாங்கியதும் முன்கையில் வைத்துப் பார்க்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆன்டனி, “உங்க இஷ்டப்படி போடுங்க” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை.

பெரிய படம் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றது. பூசை முடிந்து வெளியே வரும்போது பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். “பாவம், போட்டோ கொஞ்சம் டார்க்கா வந்துருச்சு இல்ல? பேனர்ல எவ்ளோ நல்லா இருந்துச்சு.” ஆன்டனியும் அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் போனார்.

“எங்க அக்கா டார்க்குதாங்க” என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

பேனர் இப்போது தெருமுனையில் இல்லை. அதே சவுக்குக் கம்புகளில் வேறொன்று கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருக் குழந்தை ஒன்றுக்குக் காதணி விழா. தாயின் இடுப்பில் அந்தக் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன், நல்ல கறுப்பு. பேனரில் பால்பவுடர் டப்பாவில் இருக்கிற குழந்தைபோல இருக்கிறது. அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஜெசிந்தா அக்காவின் படங்களில் நல்லது ஒன்றுகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. ‘நான்’ என்று அவர் எழுதிய துண்டுகள் சுவரிலேயே இருக்கட்டும். அடுத்த ரோல் மாட்டும்போது சுரேஷுக்கு அவை வேண்டும். கோபத்தில் நான் போட்ட துண்டுதான் என் பர்ஸில் இருக்கிறது. பின்னால் என் கையெழுத்தில் ‘நான் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். கோபம் எனக்குத் தீரவில்லை. தீரவேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அது தலைக்கேறும்போதும் கேம்ப் ரோட்டு வெயிலில் நின்று ஒரு குரல், யார கேட்ட நீ, என்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.